குரோஷேயில் குட்டி ஆக்டோபஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஆக்டோபஸ் பொம்மையைக் கொக்கி ஊசியும் நூலும் வைத்துப் பின்னுவது பற்றிய பக்கம் இது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். முழுச் செய்முறையும் நடுவில் இருக்கிறது. அவசரமென்றால் நேராக அங்கே போய்விடலாம். ஆனால் கண்ணைப் பற்றியும் பஞ்சைப் பற்றியும் எழுதியிருப்பதைப் படிக்காமல் குழந்தை கையில் பொம்மையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடல் விலங்குகளில் எத்தனையோ இருக்க, முதலில் ஏன் ஆக்டோபஸ்?

தலை ஒரே உருண்டை. கைகள் எட்டும் ஒரே மாதிரி. ஒரு கை பின்னத் தெரிந்தால் எட்டும் தெரிந்த மாதிரிதான். திமிங்கிலத்துக்கு வால் தைக்க வேண்டும், ஆமைக்கு ஓடு, தலை, நான்கு துடுப்பு எல்லாம் தனித்தனியாகப் பின்னி இடம் பார்த்து ஒட்டத் தைக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பொம்மையைப் பாதியில் போட்டுவிடுவது இந்தத் தையல் கட்டத்தில்தான். கீழே கொடுத்திருக்கும் ஆக்டோபஸில் கைகள் தலையிலிருந்தே நூலை அறுக்காமல் கிளம்புகின்றன. தைக்க வேண்டியது அடியில் ஒரு சின்ன வட்டம் மட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆக்டோபஸுக்கு எலும்பே கிடையாது. மன்னார் வளைகுடாப் பக்கம் பேய்க்கணவாய் என்று வலையில் எடுப்பார்களே, கையில் தூக்கினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சரியும். அதனால் பொம்மை கொஞ்சம் கோணலாக வந்தாலும் அது ஆக்டோபஸாகத்தான் தெரியும்.

அக்கா, எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. நேராக இதில் இறங்கலாமா?

இறங்கலாம், ஆனால் அதற்கு முன் சில நாள் மாலை வேளைகளில் செயினும் (கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துப் போடும் சங்கிலி) சிங்கிள் குரோஷேயும் (குட்டையான அடிப்படை ஸ்டிச், அதாவது பின்னல் கண்ணி) மட்டும் பழகுங்கள். 20 செயின் போட்டு, அதன் மேல் வரிசை வரிசையாகச் சிங்கிள் குரோஷே. ஒரு கைக்குட்டை அளவுக்குப் பின்னிப் பாருங்கள். ஓரங்கள் நேராக வர ஆரம்பித்து, கண் பார்க்காமலேயே ஊசி அடுத்த ஸ்டிச்சுக்குள் போய் நுழைந்தால் நீங்கள் தயார். இந்தப் பொம்மைக்குத் தேவைப்படுவது செயின், சிங்கிள் குரோஷே, ஸ்லிப் ஸ்டிச் (நூலை ஒரே இழுப்பில் கடத்தி இணைப்பது), கூட்டுவது, குறைப்பது, அவ்வளவுதான். டபுள், ட்ரெபிள் போன்ற உயரமான ஸ்டிச் எதுவும் வேண்டாம்.

என்னென்ன வாங்க வேண்டும்? நூல் எவ்வளவு பிடிக்கும்?

50 கிராம் பருத்தி நூல் உருண்டை ஒன்று, அல்லது மில்க் காட்டன் என்று விற்கும் நூல் ஒன்று. ஒரு பொம்மைக்கு அதில் பாதிகூடச் செலவாகாது. 2.5 மி.மீ. கொக்கி ஊசி. 8 மி.மீ. சேஃப்டி கண் (பின்னால் வாஷர் மாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் கண்) ஒரு ஜோடி, அல்லது கறுப்பு எம்பிராய்டரி நூல். பைபர் பஞ்சு (தலையணைக்கு அடைக்கும் செயற்கைப் பஞ்சு) ஒரு கைப்பிடி. மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசி, அதாவது கம்பளி தைக்கும் ஊசி. ஸ்டிச் மார்க்கர் ஒன்று. மார்க்கர் இல்லையென்றால் சேஃப்டி பின்னோ, வேறு நிற நூல் துண்டோ போதும். அதற்கென்று கடைக்குப் போக வேண்டாம்.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிர் நிறமாக எடுங்கள். மஞ்சள், வெளிர் நீலம், பீச். கறுப்பிலும் கருநீலத்திலும் ஸ்டிச் கண்ணுக்கே தெரியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் இன்னும் மோசம். அப்புறம் ஒரு விஷயம், நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும். அக்ரிலிக் உல்லன் நூல் வியர்வைக் கையில் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஒழுங்காக ஓடும். எனக்குப் பொம்மை என்றாலே பருத்திதான்.

பாட்டி வைத்திருந்த ஸ்டீல் ஊசியில் பின்னலாமா?

டிவிக்கும் மேசைக்கும் வெள்ளை நூலில் பூப்பூவாய் விரிப்பு போட்ட ஊசிகள் அவை. பெரும்பாலும் 1 மி.மீ. சுற்றி இருக்கும், மெல்லிய நூலுக்கென்று செய்தவை. பொம்மை நூலை அதன் கொக்கி முழுசாகப் பிடிக்காது, இழை பிரியும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கை நன்றாகப் பழகிய பிறகு மெல்லிய நூலில் சாவிக்கொத்து அளவு ஆக்டோபஸ் பின்ன அதைவிட நல்ல ஊசி கிடைக்காது. செய்முறை அதேதான், அளவு மட்டும் சுருங்கும்.

வெல்வெட் நூலில் செய்தால் புசுபுசுவென்று இருக்குமே?

இருக்கும். ஆனால் அதில் ஸ்டிச் எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பொம்மைக்கு வேண்டாம்.

சரி, முழுச் செய்முறையைச் சொல்லுங்கள்.

தலை உச்சியில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி வருகிறோம். சுற்றுகளை ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூட வேண்டாம். நத்தை ஓடு போல ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிச்சிலும் மார்க்கரை மாட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாமே சிங்கிள் குரோஷே. 'கூட்டு' என்றால் ஒரே ஸ்டிச்சில் இரண்டு போடுவது. 'குறை' என்றால் இரண்டு ஸ்டிச்சை ஒன்றாக்குவது.

1ஆம் சுற்று: மேஜிக் ரிங்கில் (விரலில் நூலைச் சுற்றிப் போட்டு, பிறகு இழுத்து மூடும் வளையம்) 6.
2ஆம் சுற்று: ஆறிலும் கூட்டு. மொத்தம் 12.
3ஆம் சுற்று: 1 போட்டு 1 கூட்டு, இப்படி 6 முறை. மொத்தம் 18.
4ஆம் சுற்று: 2 போட்டு 1 கூட்டு, 6 முறை. மொத்தம் 24.
5ஆம் சுற்று: 3 போட்டு 1 கூட்டு, 6 முறை. மொத்தம் 30.
6ஆம் சுற்று: 4 போட்டு 1 கூட்டு, 6 முறை. மொத்தம் 36.
7 முதல் 12 வரை ஆறு சுற்றுகள்: கூட்டல் குறைத்தல் இல்லாமல் 36.
13ஆம் சுற்று: 4 போட்டு 1 குறை, 6 முறை. மொத்தம் 30.
14ஆம் சுற்று: அப்படியே 30.

இங்கே நிறுத்திக் கண்ணைப் பொருத்துங்கள். 11, 12ஆம் சுற்றுகளுக்கு நடுவில், இரண்டு கண்ணுக்கும் இடையே 6 ஸ்டிச் இடைவெளி. கண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குழந்தைமுகமாகத் தெரியும். மேலே ஏற்றினால் பெரிய மனிதர் மாதிரி முறைக்கும்.

15ஆம் சுற்று: 3 போட்டு 1 குறை, 6 முறை. மொத்தம் 24.
16ஆம் சுற்று: 1 போட்டு 1 குறை, 8 முறை. மொத்தம் 16.

இப்போது முக்கால் பங்கு பஞ்சை அடையுங்கள். அடுத்து கைகள். இந்தச் சுற்று முழுவதும் ஸ்டிச்சின் முன்பக்க இழையில் மட்டும் ஊசியை விட வேண்டும். பின்பக்க இழை 16ஐயும் தொடாமல் விடுங்கள், அடிவட்டத்தைத் தைக்க அவை தேவைப்படும். முதல் ஸ்டிச்சில் ஒரு சிங்கிள் குரோஷே. அங்கிருந்து 25 செயின். ஊசிக்குப் பக்கத்திலிருந்து இரண்டாவது செயினில் ஆரம்பித்து, ஒவ்வொரு செயினிலும் 2 சிங்கிள் குரோஷே போட்டுக்கொண்டே திரும்பி வாருங்கள். 24 செயினில் 48 ஆகும், கை தானாகச் சுருண்டுவிடும். தலையருகே வந்ததும் அடுத்த ஸ்டிச்சில் ஒரு ஸ்லிப் ஸ்டிச். ஒரு கை முடிந்தது. ஒரு கைக்கு இரண்டு ஸ்டிச், ஆக 16 ஸ்டிச்சில் எட்டுக் கை. நூலை அறுத்து முடிச்சிட்டு உள்ளே ஒளித்துவிடுங்கள்.

அடிவட்டம் தனி: மேஜிக் ரிங்கில் 6, அடுத்த சுற்றில் எல்லாவற்றிலும் கூட்டி 12, மூன்றாவது சுற்றில் 2 போட்டு 1 கூட்டு, 4 முறை, மொத்தம் 16. தைப்பதற்கு ஒரு முழ நூலை விட்டு அறுங்கள். தலையின் அடியில் காத்திருக்கும் 16 பின்இழைகளோடு இந்த 16 ஸ்டிச்சையும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்த்துத் தையுங்கள். பாதி வட்டம் தைத்ததும் மீதிப் பஞ்சை அடைத்து, பிறகு மூடுங்கள். தலை ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. அகலம் வரும்.

மேஜிக் ரிங் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

அது இல்லாமலேயே பின்னலாம். 2 செயின் போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது செயினுக்குள் 6 சிங்கிள் குரோஷே போடுங்கள். அதுதான் முதல் சுற்று. நடுவில் ஒரு சின்னத் துளை நிற்கும். ஆரம்பத்தில் விட்ட வால் நூலைக் கம்பளி ஊசியில் கோத்து, துளையைச் சுற்றி ஒரு முறை ஓட்டி இழுத்தால் மூடிக்கொள்ளும். உச்சந்தலை என்பதால் அந்தத் துளையை விட்டுவிடக் கூடாது, பஞ்சு அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும்.

எல்லாச் செய்முறையிலும் 6, 12, 18 என்றே வருகிறதே, அதென்ன கணக்கு?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இது புரிந்துவிட்டால் பிறகு யாருடைய செய்முறையும் இல்லாமல் நீங்களே பொம்மை வடிவமைக்கலாம்.

சிங்கிள் குரோஷே ஸ்டிச் ஏறக்குறைய சதுரமானது, அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு சுற்று கூடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு ஸ்டிச் அளவு கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 2 பை, அதாவது 6.28 கூட வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அதனால்தான் சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையான வட்டம் வருகிறது. கூட்டுவதை நிறுத்தினால் விளிம்புக்கு இடம் போதாமல் கிண்ணமாக மடங்கும். நம் ஆக்டோபஸ் 7ஆம் சுற்றில் மடங்குவது அதனால்தான். மாறாக, ஆறுக்கு மிக அதிகமாகக் கூட்டிக்கொண்டே போனால் விளிம்பு தங்க இடமில்லாமல் அலையலையாகச் சுருளும்.

இந்தச் சுருளுக்குக் கணிதத்தில் பெரிய மரியாதை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டாய்னா டைமினா, ஹைப்பர்போலிக் தளம் என்ற, எங்கும் குதிரைச் சேணம் போல வளையும் பரப்பைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி 1997இல் குரோஷேயில் பின்னிக் காட்டினார். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துபோகும். நூலில் பின்னியது மடக்கினாலும் இழுத்தாலும் தாங்கியது. அவர் செய்ததும் இதேதான்: குறிப்பிட்ட விகிதத்தில் ஓயாமல் கூட்டிக்கொண்டே போவது. அதைப் பார்த்து, கலிபோர்னியாவில் இருந்த மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் ஒரு பவளப்பாறையையே குரோஷேயில் பின்ன ஆரம்பித்தார்கள். பல நாடுகளில் பல்லாயிரம் கைகள் அதில் சேர்ந்தன. பவளத்திலும் கடற்பாசியிலும் இயற்கையாகவே இருக்கும் வளைவு அது. நம் ஆக்டோபஸ் கை சுருள்வதும் அதற்கு உறவுதான். ஒரு செயினுக்கு இரண்டு ஸ்டிச் என்றால், வெளி விளிம்பு உள் விளிம்பைப்போல் இரு மடங்கு நீளம். நேராக நிற்க இடமில்லை, முறுக்கிக்கொள்கிறது.

ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தவறிவிடுகிறது. 36 வர வேண்டிய இடத்தில் 35 வருகிறது.

பெரும்பாலும் மார்க்கர் ஒரு ஸ்டிச் தள்ளிப் போயிருக்கும். சுற்றின் முதல் ஸ்டிச்சைப் போட்டு முடித்த அந்த நொடியே, அதே ஸ்டிச்சில் மார்க்கரை மாட்டுங்கள். இரண்டு மூன்று போட்ட பிறகு மாட்டலாம் என்று விட்டால் தவறும். கூட்டும் சுற்றுகளில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணுங்கள். 36 ஆகி நேராகப் போகும் சுற்றுகளில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை போதும்.

ஒன்று குறைந்ததற்காகப் பிரிக்க வேண்டுமா என்றால், தலையில் வேண்டாம். அடுத்த சுற்றில் ஓரிடத்தில் கூட்டிக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது. ஆனால் 16ஆம் சுற்றில் மட்டும் சரியாக 16 இருந்தே ஆக வேண்டும். அங்கே 15 இருந்தால் எட்டாவது கைக்கு இடம் இருக்காது.

பின்னிக்கொண்டு போனால் உள்பக்கம் வெளியே வந்துவிடுகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது.

மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். குட்டிக் குட்டி 'வி' வடிவங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது வெளிப்பக்கம். படுக்கைக் கோடுகளாக மேடு தெரிந்தால் உள்பக்கம். வலதுகைக்காரர்கள் கிண்ணத்தின் தங்களுக்கு அருகே உள்ள விளிம்பில், வலமிருந்து இடமாகப் பின்ன வேண்டும். புதியவர்கள் தங்களை அறியாமல் தூரத்து விளிம்பில், கிண்ணத்துக்குள் ஊசியை விட்டுப் பின்னுவார்கள். அப்போதுதான் தலைகீழாக வரும். ஏழெட்டுச் சுற்றுக்குள் கண்டுபிடித்துவிட்டால் சாக்ஸ் திருப்புவது போல வெளியே திருப்பிவிட்டுத் தொடரலாம்.

ஸ்டிச்சுக்கு நடுவே பஞ்சு வெள்ளையாகத் தெரிகிறது. ஏன்?

முதலில் ஊசியைப் பாருங்கள். நூல் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருப்பார்கள். அது ஸ்வெட்டர், சால்வைக்குச் சொன்னது. பொம்மைக்கு அதைவிட ஒன்று ஒன்றரை மி.மீ. குறைவான ஊசி வேண்டும். துணி விறைப்பாக, கொஞ்சம் பலகை மாதிரி இருப்பதுதான் பொம்மைக்கு அழகு.

அடுத்தது, நூலை எடுக்கும் விதம். ஸ்டிச்சுக்குள் ஊசியை விட்ட பிறகு வழக்கமாக நூலை ஊசியின் மேல் சுற்றி இழுக்கிறோம். அப்படிச் செய்யாமல், ஊசியை நூலுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கொக்கியால் நூலைக் கொத்தி இழுத்துப் பாருங்கள். இரண்டாவது முறை இழுப்பது வழக்கம்போலவே. இப்படிப் போட்ட ஸ்டிச் 'வி' மாதிரி இல்லாமல் பெருக்கல் குறி மாதிரி குறுகலாக உட்காரும், இடுக்கு மூடிக்கொள்ளும். ஜப்பானிய அமிகுருமி (குட்டிக் குரோஷே) பொம்மைகளில் அந்த நெருக்கமான பரப்பைப் பார்த்திருப்பீர்கள். எந்த முறையானாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள், அளவு மாறிவிடும்.

மூன்றாவது, குறைக்கும் இடங்கள். இரண்டு ஸ்டிச்சையும் முழுசாகப் பிடித்து இணைத்தால் முடிச்சும் ஓட்டையும் வரும். இரண்டு ஸ்டிச்சின் முன்பக்க இழையை மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஊசியில் எடுங்கள். நூலைச் சுற்றி அந்த இரண்டு இழைக்குள்ளும் இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி சுற்றி இரண்டையும் கடந்து இழுத்தால் முடிந்தது. குறைத்த இடம் எதுவென்று தேடினாலும் தெரியாது. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் பொம்மையின் தரமே மாறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரிந்தால், பஞ்சு அதிகம் என்று அர்த்தம்.

வீட்டில் இலவம் பஞ்சு இருக்கிறது. அதையே அடைக்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும். தலையணைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இலவம் பஞ்சின் இழை மிகக் குட்டையானது, வழவழப்பானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. தலையணைக்கு நெருக்கமான துணி உறை இருப்பதால் அடங்கிக் கிடக்கிறது. குரோஷே பரப்பில் எத்தனை இறுக்கமாகப் பின்னினாலும் துளை உண்டு. அதன் வழியே தூசாகப் பறந்து வந்துகொண்டே இருக்கும். குழந்தையின் மூக்குக்கு ஆகாது. கட்டாயம் இலவம் பஞ்சுதான் வேண்டுமென்றால், பழைய பருத்தி வேட்டித் துணியில் சின்னப் பை தைத்து அதற்குள் அடைத்து, அந்தப் பையைத் தலைக்குள் வையுங்கள்.

மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம். முதல் துவையலிலேயே கட்டி தட்டிவிடும். நூல் துணுக்கு, துணி வெட்டுகளை அடைத்தால் வெளியே புடைப்புப் புடைப்பாகத் தெரியும். பைபர் பஞ்சுதான் சரி. துவைக்கலாம், சீக்கிரம் காயும், அமுக்கினால் திரும்ப எழும்பும். பழைய பைபர் தலையணை ஒன்றைப் பிரித்தால் முப்பது ஆக்டோபஸுக்குத் தேறும்.

அடைக்கும்போது மொத்தமாக உருட்டித் திணிக்காதீர்கள். சின்னச் சின்னதாகப் பிய்த்து, விரலால் உதறிப் பூவாக்கி, முதலில் ஓரங்களில், பிறகு நடுவில். பென்சிலின் பின்முனையால் தள்ளலாம். பெருவிரலால் அமுக்கி விடுங்கள். குழி உடனே எழும்பினால் போதுமான அளவு. எழும்பாவிட்டால் இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டும். அமுக்கவே முடியவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். கைகளுக்குப் பஞ்சே வேண்டாம்.

சேஃப்டி கண் என்று பெயரே இருக்கிறதே, கைக்குழந்தைக்குக் கொடுக்கலாம்தானே?

கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

அந்தக் கண்ணின் பின்னால் இருக்கும் வாஷர் தண்டில் ஏறிவிட்டால் கழலாது, அது உண்மை. ஆனால் பிரச்சினை அங்கே இல்லை. குரோஷே துணி இழுக்க இழுக்க விரியும். பல் முளைக்கும் குழந்தை கண்ணைக் கடித்து இழுத்தால், ஸ்டிச் விரிந்து வாஷரோடு சேர்ந்து முழுசாக வெளியே வரலாம். நேரே தொண்டைக்குப் போகும் அளவு அது. 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் கண்ணை எம்பிராய்டரி நூலில் தையுங்கள். பொத்தான், மணி, ஒட்டும் கண் எதுவும் வேண்டாம்.

தைத்த கண் அழகில் ஒன்றும் குறையாது. ஆக்டோபஸின் கண்மணி நம்முடையது போல வட்டமில்லை, கிடைமட்டக் கோடு. உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தக் கோட்டைக் கிடையாகவே வைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளை நூலில் சின்ன நீள்வட்டம் தைத்து, நடுவே கறுப்பில் ஒரு படுக்கைக் கோடு இழுத்தால், கடையில் வாங்கிய எந்தக் கண்ணையும்விட அது நிஜ ஆக்டோபஸுக்குப் பக்கத்தில் இருக்கும். நூலின் முனையைத் தலைக்குள் மூன்று நான்கு திசையில் ஓட்டிவிட்டு அறுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குச் சேஃப்டி கண் வைப்பதென்றால், வாஷரை மாட்டும் முன் இடம் சரியா என்று தள்ளி நின்று பாருங்கள். ஒரு முறை 'டக்' என்று ஏறிவிட்டால் இறங்காது.

கைகள் சரியாகச் சுருளவில்லை, ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கிறது.

செயினை மிக இறுக்கமாகப் போட்டால் ஊசியே நுழையாது, தளர்வாகப் போட்டால் சுருளாது. செயினுக்கு மட்டும் 3 மி.மீ. ஊசி எடுத்துக்கொண்டு, திரும்பி வரும்போது 2.5க்கு மாறிப் பாருங்கள். பின்னி முடித்ததும் கையை விரலில் மோதிரம் சுற்றுவது போல ஒரே திசையில் முறுக்கி விடுங்கள். சிலதுக்கு அந்த உதவி வேண்டியிருக்கும். இன்னும் இறுக்கமான சுருள் பிடிக்குமென்றால் ஒரு செயினுக்கு 3 ஸ்டிச் போடலாம், நூல் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

நீள வித்தியாசத்துக்குக் கவலை வேண்டாம். செயின் எண்ணிக்கை 25 என்று சரியாக இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எல்லோருக்கும் மாறும்.

யூடியூபில் ஒருவர் சிங்கிள் என்கிறார், இன்னொருவர் அதையே டபுள் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவருமே. அமெரிக்கச் செய்முறையில் சிங்கிள் குரோஷே என்பது பிரிட்டிஷ் செய்முறையில் டபுள் குரோஷே. அமெரிக்க டபுள், பிரிட்டனில் ட்ரெபிள். செய்முறையில் எங்கேயாவது 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் ஸ்டிச்சே இல்லை. இந்தப் பக்கத்தில் இருப்பது அமெரிக்க முறை.

எனக்கு இடதுகைப் பழக்கம்.

அப்படியே பின்னுங்கள். நீங்கள் இடமிருந்து வலமாகச் சுற்றுவீர்கள், எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. வீடியோ பார்ப்பதென்றால் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் நல்லது என்கிறார்களே?

டென்மார்க்கில் 2013இல் தன்னார்வலர்கள் இதைத் தொடங்கினார்கள். இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைகள் சுருண்ட கைகளைப் பிடித்துக்கொள்வார்கள், குழாய்களை இழுப்பது குறையும், தொப்புள்கொடியைப் பிடித்த நினைவு வரும் என்ற எண்ணம். பிறகு வேறு நாடுகளுக்கும் பரவியது. அங்கே விதிகள் கண்டிப்பானவை: 100 சதவீதம் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும், கைகள் இழுத்துப் பிடித்தால் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கண்கள் தைத்தவையாக இருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் குறைமாதக் குழந்தை பிறந்திருந்தால், அன்பு மிகுதியில் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் எதை உள்ளே விடலாம் என்பதை அங்கிருக்கும் மருத்துவரும் செவிலியரும்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் கண்காணிப்பில் இருப்பது வேறு, வீட்டுத் தொட்டில் வேறு. ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் மென்பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது விளையாடட்டும்.

அழுக்கானால் எப்படித் துவைப்பது?

வாளியில் இளஞ்சூடான தண்ணீர், கொஞ்சம் திரவ சோப்பு, கையால் அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், வடிவம் போய்விடும். துண்டில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு, நிழலில் காற்றுப் படும்படி வையுங்கள். மழைக்காலத்தில் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே பஞ்சு ஈரமாகவே இருக்கும், இரண்டு நாளில் வாடை வரும். ஐப்பசி கார்த்திகையில் துவைத்தால் மின்விசிறிக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிக் காய வையுங்கள்.

சிவப்பு, கருநீலப் பருத்தி நூல் சாயம் விடும். பின்னுவதற்கு முன்பே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

பின்னி விற்கலாமா?

தாராளமாக. ஆனால் மூன்று விஷயம். வேறொருவர் எழுதிய செய்முறையில் பின்னியதை விற்க அவர் அனுமதிக்கிறாரா என்று அதிலேயே எழுதியிருப்பார், பாருங்கள். மேலே உள்ள செய்முறையில் நீங்கள் பின்னி விற்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது சட்டம். இந்தியாவில் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை வேண்டும். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவுசெய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. தொடர்ந்து விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது விலை. நூலுக்கும் பஞ்சுக்கும் ஆன காசை மட்டும் கணக்குப் போட்டு, "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே பின்னினேன்" என்று உழைப்பை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம். குரோஷே ஸ்டிச்சை அப்படியே போடும் இயந்திரம் விற்பனைக்கு இல்லை, சந்தையில் இருக்கும் ஒவ்வொரு குரோஷே பொம்மையும் யாரோ ஒருவர் கையால் போட்டது. உங்கள் மணி நேரத்துக்கு ஒரு கூலி வைத்து, அதையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.

ஆக்டோபஸ் முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

ஜெல்லிமீன். தலை அதே மாதிரி, 12ஆம் சுற்றோடு நிறுத்தி, அடியில் தட்டையான வட்டம் தைத்து, அதிலிருந்து சுருள் கைகளை வெவ்வேறு நீளத்தில் தொங்கவிட வேண்டும். 40 செயின், 50 செயின் என்று போகலாம், ஆனால் நீளத் தொங்கல்கள் குழந்தை கழுத்தில் சுற்றும், அதனால் ஜன்னலில் மாட்டும் அலங்காரமாக மட்டும்.

அதற்கடுத்து ஆமை. தை, மாசியில் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையைப் பார்த்துப் பின்னுங்கள். கடையில் விற்கும் பொம்மை ஆமைகளுக்கு நான்கு காலும் ஒரே அளவில், நிலத்து ஆமை போலக் குட்டையாக இருக்கும். கடலாமைக்கு முன்துடுப்பு நீளம், பின்துடுப்பு குட்டை. முன்துடுப்பை 12 ஸ்டிச் சுற்றளவில் பின்னி, பஞ்சு வைக்காமல் தட்டையாக மடித்துத் தையுங்கள். பின்துடுப்புக்கு 9 போதும். ஓட்டுக்குச் சாம்பல் கலந்த பச்சை நூல் கிடைத்தால் விடாதீர்கள்.